வெங்கனில் சறுக்கப் போகிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

குளிர்காலம் வந்தால் பேர்னிலிருந்து புதியவர்களைக் கூட்டிக்கொண்டு, பனிச்சறுக்குக்காக வெங்கன் என்ற சுவிஸ் மலையூருக்குப் போவது என் வழக்கம். ஆரம்பத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே இப்போது வருகிற பிள்ளைகளும் விடுகிறார்கள். கையுறை, வெயில் கண்ணாடி பற்றி இங்கே எழுதவில்லை. அதை வாடகைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

போட்டி வாரத்தில் போவது

லவுபர்ஹோர்ன் என்ற உலகக் கிண்ணப் பனிச்சறுக்குப் போட்டி ஜனவரி நடுப்பகுதியில் இங்கே நடக்கும். பார்க்க ஆசை என்றால் கட்டாயம் போங்கள். சறுக்கத்தான் ஆசை என்றால் வேறு வாரம் பாருங்கள். போட்டித் தடம் மூடியிருக்கும். வெங்கனுக்குக் கார் போகாது என்பதால் ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது.

போட்டித் தடத்தை லேசாக நினைப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். போட்டி முடிந்து தடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்ததும், "தொலைக்காட்சியில் பார்த்த இடம்தானே அண்ணை, ஒருக்கா இறங்கிப் பார்ப்பம்" என்று கிளம்பிவிடுவார்கள். தொலைக்காட்சியில் சரிவு பாதியாகத்தான் தெரியும். ஹுண்ட்ஷொப்ஃப் பாறைக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

அதைவிட மோசம் தரை. போட்டித் தடம் குலையாமல் இருக்கப் பனியைத் தண்ணீர் விட்டு இறுக்குவது வழக்கம். அது கண்ணாடிபோல் உறைந்துவிடும். அந்தத் தடத்தில் 2013இல் பிரெஞ்சு வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். வீரர்களின் சறுக்குப் பலகை ஓரங்களை அன்றன்று தீட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது. நம் வாடகைப் பலகையின் ஓரம் பலர் காலில் தேய்ந்து மழுங்கியது. பனிக்கட்டியில் அது பிடிக்காது.

எங்களோடு வந்த ஒரு தம்பி மென்லிகன் மலைப் பக்கத்து நீலப் பாதைகளில், அதாவது இலகுவான பாதைகளில், அழகாகச் சறுக்கினான். அந்தத் துணிச்சலில், சொல்லாமல் போட்டித் தடத்துக்குப் போய்விட்டான். முதல் வளைவிலேயே விழுந்தான். விழுந்தவன் நிற்கவில்லை, வழுவழுப்பான ஜாக்கெட்டோடு ஓரத்துப் பாதுகாப்பு வலை வரைக்கும் வழுக்கிக்கொண்டே போனான். முழங்கால் தசைநார் அறுந்து, ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். அவன் வேலைக்குப் போகிறவன், விபத்துக் காப்புறுதி இருந்தது. அடிப்படை மருத்துவக் காப்புறுதி மட்டும் இருந்தால் மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் ஆண்டுக்கு 5000 பிராங்க் வரைக்கும்தான். லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இறங்கும் முன் ஊன்றுகோலின் நுனியால் தரையைக் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால் சரி. "டக்" என்று தெறித்தால் திரும்பிவிடுங்கள். தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டால், பலகையைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, பக்கவாட்டில் மெதுவாக வழுக்கி ஓரத்துக்கு வாருங்கள். வெங்கர்நால்ப் நிலையத்தில் ரயில் ஏறி ஊருக்கு இறங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு மூடிய தடத்தில் நுழைவது

கொடிக்கம்பம் நட்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். மேலிருந்து பயிற்சியில் வேகமாக வருகிற பிள்ளையால் உங்களுக்காக நிற்க முடியாது.

மேட்டுக்குக் கீழே நிற்பது

ஓரத்தில், மேலிருந்து தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகும் மேலே இருப்பது

மாலையில் மீட்புக் குழு கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு இறங்கும். அதற்குப் பிறகு பாதை மூடியதாகக் கணக்கு. பனியைச் சமப்படுத்தும் வண்டிகள் செங்குத்தான இடங்களில் நீண்ட இரும்பு வடத்தில் தொங்கியபடி வேலை செய்யும். வடம் திடீரென்று இழுபட்டுப் பாதைக்குக் குறுக்கே எழும்பும், இருட்டில் கண்ணுக்கே தெரியாது. தேநீரைக் கீழே வந்து குடியுங்கள்.