குட்டிப் பேத்தை வளர்க்க ஆசையா? முதலில் நத்தை வளருங்கள்

கடைகளில் 'பீ பஃபர்' என்று கேட்டால் கிடைக்கும் இந்தக் குட்டிப் பேத்தை மீன் கேரளத்து ஆறுகளில் வாழ்வது. பம்பை ஆற்றில் கிடைத்ததை வைத்து மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் 1941இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். வளர்ந்தாலும் 3 செ.மீ.யைத் தாண்டுவது அபூர்வம். பயந்தால் ஊதிப் பெருக்கும் கடல் பேத்தைகளின் உறவுதான், ஆனால் முழுக்க நன்னீர் மீன். தொட்டியில் உப்புப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

1. நத்தை. ஒரு பக்கெட் தண்ணீர், கொஞ்சம் வேலம்பாசி, நாலைந்து ராம்ஸ்ஹார்ன் (தட்டைச் சுருள் ஓட்டு) நத்தை. வேகவைத்த கீரை போட்டால் தானே பெருகும். மீனுக்கு முன் இதுதான் வேண்டும். ஏனென்றால் பேத்தை வேட்டையாடித் தின்னும் மீன். குருணைத் தீனியைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

2. தொட்டி. மூன்று மீனுக்கு 40 லிட்டராவது வேண்டும். மெதுவாக ஓடும், செடி அடர்ந்த நீரில் வாழ்வது என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் (நுரைப்பஞ்சு வடிகட்டி) போதும். செடியைத் தாராளமாக வையுங்கள். ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் ஒதுங்க இடம் வேண்டும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தாங்காது, அதனால் அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் விட்டு, அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகே மீனை விடுங்கள்.

3. மீன். ஓர் ஆண், இரண்டு பெண். வளர்ந்த ஆணுக்குக் கண்ணுக்குப் பின்னால் சுருக்கக் கோடுகள், வயிற்றின் நடுவே கருங்கோடு. இரண்டு ஆண்கள் சிறு தொட்டியில் ஒத்துப்போகாது. கப்பி மீனோடு சேர்க்கவே வேண்டாம், வாலைக் கடித்துக் குதறிவிடும். ஆற்றில் இதன் எண்ணிக்கை குறைந்துவருகிறது, அதிகம் பிடிப்பதும் ஒரு காரணம். தொட்டியில் பிறந்த குஞ்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

4. தீனி. ஒரு நத்தையைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். பேத்தை அருகில் வந்து அந்தரத்தில் நிற்கும். தனித்தனியாக உருளும் கண்கள் இரண்டும் ஓட்டின் வாயிலேயே குத்திட்டு நிற்கும், வால் ஒரு பக்கம் வளையும். நத்தை உடலை நீட்டியதும் ஒரே கடி! அலகு போன்ற பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால், ஓட்டைக் கடிப்பது அவை தேயவும் உதவும் என்பார்கள். அப்புறம், உறைய வைத்த ரத்தப்புழுவும் கொடுக்கலாம். மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஊதிப் பெருப்பதைப் பார்க்க வேண்டும் என்று மிரட்டாதீர்கள். அது பயந்தால் செய்வது.

5. முட்டை. பாசிக்குள் 1 மி.மீ. அளவில் கண்ணாடி மணிபோல் தெரிந்தால் பாசியோடு வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், பெற்றவையே தின்றுவிடும். குஞ்சுகளுக்கு முதலில் இன்ஃபுசோரியா (நீரில் வாழும் நுண்ணுயிர்கள்), பிறகு அன்றன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றுயிர்) குஞ்சுகள்.