ரிவோல்வரை எப்படிப் பிடிப்பது: கைக்காயமில்லாமல் சுடப் பழகுவோருக்கு

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வங்கி வாசலிலும் காசு வண்டியிலும் காவலுக்கு நிற்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் இடுப்பில் ஒரு .38 ரிவோல்வர் ஏறிவிடுகிறது. குறி பார்ப்பதையும் விசை அழுத்துவதையும் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கை எங்கே இருக்கக்கூடாது என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ரிவோல்வர் சுடுகிறவனுடைய கைக்கு வரும் மோசமான ஆபத்து குழல் வாயில் மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்குப் பிடிப்பு தானாகவே சரியாகிவிடும். ஆகவே இந்தப் பதிவில் குறி பார்ப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை, கையைப் பற்றி மட்டுமே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கில் கை வைக்காதீர்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். சுட்டுப் பழகுவது அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். தேயிலை மலைக்குப் பின்னால் போய் இரண்டு வெடி போட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

படி 1: வெறுமையாக்குங்கள்

விசை வளையத்துக்கு வெளியே விரல். குழல் வாய் ஆளில்லாத பக்கம். பிறகு சிலிண்டரை, அதாவது ரவைகள் இருக்கும் சுழல் உருளையைத் திறக்க வேண்டும். ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தின் ரிவோல்வர் என்றால் இடப்பக்கத்துக் கொண்டியை முன்னால் தள்ளுங்கள், கோல்ட் என்றால் பின்னால் இழுங்கள், ரூகர் என்றால் உள்ளே அழுத்துங்கள். வெள்ளைக்காரர் காலத்து வெப்லி ரகத்தில் சிலிண்டர் பக்கவாட்டில் வராது. கொண்டியை அழுத்தினால் முன்பாதி முழுவதும் கீழே மடங்கும். அதை மூடும்போது கீலில் உள்ளங்கைத் தோல் நசுங்கும், கவனம்.

ரவைகளை வெளியே எடுத்தபின் ஒவ்வொரு துளையையும் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியை விட்டும் பாருங்கள். ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்கள். சினிமாவில் காட்டுவது மாதிரி மணிக்கட்டை வெட்டி சிலிண்டரை மூடக்கூடாது. சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்துவிடும், சில நேரம் விரலும் இடையில் மாட்டும். மற்றக் கையால் மெதுவாக அழுத்தி மூடுங்கள்.

படி 2: அந்த இடைவெளியைக் கண்ணால் பாருங்கள்

வெறும் துவக்கை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டாகப் பிடியுங்கள். சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். சிலிண்டர் சுற்ற வேண்டுமென்றால் அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஏறத்தாழ 0.1 முதல் 0.25 மில்லிமீற்றர்தான், ஒரு தாள் நுழையும், இரண்டாவது தாள் நுழைந்தாலும் நுழையும்.

சுடும்போது ரவை அந்த இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் போகிறது. அதைத் தள்ளிக்கொண்டு வரும் எரிவாயுவில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் பீறிடும். .38 ஸ்பெஷல் ரவைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். .357 மெக்னம் என்ற பலம் கூடிய ரவை என்றால் 35,000. வெறும் சூடு மட்டும் வருவதில்லை. எரியாத வெடிமருந்துத் துகள்களும், ஈய ரவை என்றால் சீவிய ஈயத் துணுக்குகளும் சேர்ந்து வரும். அந்தக் கோட்டின் மேல் விரல் இருந்தால் தோல் கருகும், கிழியும். பெரிய மெக்னம் ரகங்களில் சதை வெட்டுப்பட்டு எலும்பு வரை போகவும் கூடும்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. கோல்ட் நிறுவனம் 1855இல் இதே சுழல் சிலிண்டரை வைத்து நீளத் துவக்கு ஒன்றைச் செய்தது. நீளத் துவக்கு என்றால் இடக்கை குழலுக்குக் கீழே போகும், அதாவது இடைவெளிக்கு முன்னால். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதைத் தூக்கிய சிப்பாய்களின் இடக்கையைச் சூடான வாயுவும் ஈயமும் பதம் பார்த்தன. அந்த வகை நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சுடும் நேரத்தில் சிலிண்டரே முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும் ரிவோல்வர் ஒன்று உண்டு: ரஷ்யாவின் 1895ஆம் ஆண்டு நாகான். அது விதிவிலக்கு. உங்கள் கைக்கு வரும் ரிவோல்வரில் இடைவெளி திறந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லி நம்ப வைப்பதைவிடக் காட்டுவது நல்லது. சுடுதளத்தில் பயிற்றுநரிடம் கேளுங்கள்: இரண்டு கம்புகளில் வெள்ளைத் தாளைக் கட்டி, துவக்கின் இரு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் நிற்க வைத்து ஒரு வெடி வைக்கச் சொல்லுங்கள். தாளில் நேர்கோடாகக் கரி படிந்திருக்கும். கோட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. ஈய ரவை என்றால் ஊசி குத்தினது மாதிரி ஓட்டைகள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த ஓட்டைகள் வழியாக வானம் தெரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களை ஏன் பின்னால் தள்ளி நிறுத்துகிறோம் என்பதும் அந்தத் தாளைப் பார்த்தால் விளங்கும்.

படி 3: வலக்கை

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு, பிடியின் முதுகில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போக வேண்டும். ஆனால் துவக்கின் பின்பக்கத்துச் சுத்தியல் பின்னால் வர இடம் விட வேண்டும். விசையை மெதுவாக இழுத்து, சுத்தியல் தோலைத் தொடுகிறதா என்று வெறும் துவக்கில் பாருங்கள். தொட்டால் ஒரு நூல் கீழே இறக்குங்கள். மிகவும் கீழே பிடித்தால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் மேலே எகிறி மணிக்கட்டை முறுக்கும். நாள்பட்டால் கட்டைவிரல் அடியில் வலி தங்கிவிடும்.

நடுவிரல் விசை வளையத்தின் அடியில் ஒட்டி இருக்கட்டும். அங்கே இடைவெளி விட்டால் பின்னுதைப்பில் வளையம் வந்து விரல் மூட்டில் அடிக்கும். சின்ன ரிவோல்வர்களில் மரப்பிடி ஒல்லியாக இருப்பதால் நடுவிரல் மூட்டுத் தோல் உரிந்து போவது சாதாரணமாக நடக்கிறது. வளையத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை நிரப்பும் ரப்பர் பிடி போட்டால் தீரும்.

கட்டைவிரலை மடக்கிக் கீழே இறக்குங்கள், நுனி நடுவிரலைப் பார்க்கட்டும். உயர்த்தி வைத்தால் சிலிண்டர் கொண்டி பின்னுதைப்பில் வந்து கட்டைவிரல் மூட்டைச் சீவும்.

படி 4: இடக்கை, இதுதான் முக்கியம்

இடக்கையின் நான்கு விரல்களும் விசை வளையத்துக்குக் கீழே, வலக்கை விரல்களின் மேல் சுற்ற வேண்டும். இடது கட்டைவிரல் வலது கட்டைவிரல் நகத்தின் மேல் படுத்து, கீழ்நோக்கி அழுத்தட்டும். முன்னால் நீளக்கூடாது. ஒரு விரல்கூட சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டக்கூடாது.

இராணுவத்திலோ பொலிஸிலோ பிஸ்டல் பழகிவிட்டு வந்தவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். பிஸ்டலில் இந்த இடைவெளி இல்லாததால் இரண்டு கட்டைவிரலையும் குழலின் திசையில் நீட்டிப் பிடிப்பது நல்ல பழக்கம். அதே பிடியை ரிவோல்வருக்குக் கொண்டுவந்தால் இடது கட்டைவிரல் நுனி நேராக அந்த இடைவெளியின் பக்கத்தில் போய் உட்காரும். பத்து வருடப் பழக்கம் சொல்லிக் கேட்காது. ஆறுதலாகப் பழகும்போது சரியாக வைப்பார்கள். அவசரம் என்றதும் கட்டைவிரல் மெல்ல மெல்ல முன்னால் ஊர்ந்துவிடும்.

அதற்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி இது. வெறும் துவக்கில், இடைவெளியின் இரு பக்கமும் துவக்கின் இரும்புச் சட்டத்தின் மேல் நல்லெண்ணெய் தொட்ட குங்குமத்தை மெல்லிசாகத் தடவுங்கள். துவக்கை மேசையில் வைத்து எடுத்து, பிடித்து, மறுபடி வையுங்கள். மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டுங்கள். பிறகு கையை விரித்துப் பாருங்கள். எங்காவது சிவப்புப் பட்டிருந்தால் அந்த இடம் சுடும்போது எரிந்திருக்கும். எவ்வளவு வேகமாக எடுத்தாலும் கை சுத்தமாக வரும்வரை ரவை போட வேண்டாம். முடிந்ததும் துவக்கு எண்ணெய்த் துணியால் ஒட்டத் துடைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இடது ஆள்காட்டி விரலை விசை வளையத்தின் முன்வளைவில் கொக்கி போடாதீர்கள். இரண்டு அங்குலக் குட்டைக் குழல் துவக்கில் குழலைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. அங்கே விரல் குழல் வாய்க்கு முன்னாலேயே போய்விடும்.

படி 5: விசை விரல்

சுத்தியலைக் கையால் இழுக்காமல் விசையால் மட்டுமே சுட்டால் ஐந்து கிலோ அளவுக்கு இழுவை இருக்கும். அதற்கு விரல் நுனி போதாது, முதல் மூட்டு மடிப்பு விசையில் இருக்கட்டும். சுத்தியலை முன்பே இழுத்து வைத்தால் இரண்டு கிலோவுக்குள் வெடித்துவிடும், ஆகவே புதியவர்கள் விசையால் மட்டும் சுடும் முறையிலேயே பழகுங்கள். இழுத்த சுத்தியலை வெடிக்காமல் இறக்கும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

படி 6: குளிரும் ஈரமும்

இது நம் ஊருக்கே உரிய சங்கதி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் புல் மேல் உறைபனி விழும் நாட்களும் உண்டு. அந்தக் குளிரில் விரல் மரத்துவிட்டால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதே மூளைக்குத் தெரியாது. விசையைத் தொட்டதும் தெரியாது. சுடுவதற்கு முன் கையை அக்குளில் வைத்தோ, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தோ சூடாக்குங்கள். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தொடுவது உணர்வில் வரவில்லை என்றால் இன்னும் பொறுங்கள்.

கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு சுடவே கூடாது. தடித்த விரல் விசை வளையத்துக்குள் மாட்டும், வெளியே எடுக்கும்போது வெடிக்கலாம். மழையில் நனைந்த மரப்பிடி வழுக்கும். பிடியையும் கையையும் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை உள்ளவர்களுக்கு உள்ளங்கை உணர்வு கொஞ்சம் குறைவாக இருக்கும். அவர்கள் குங்குமப் பயிற்சியைக் கூடுதலாகச் செய்யுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

படி 7: முதல் வெடி

கண்ணாடியும் காதடைப்பும் போட்ட பிறகு ஒரே ஒரு ரவை போடுங்கள். .357 துவக்கில் .38 ஸ்பெஷல் ரவை போட்டுப் பழகலாம், உதைப்பு குறைவு. மாற்றி .38 துவக்கில் .357 ரவை போடக்கூடாது.

வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ரவை குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். 'டிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுக்காதீர்கள். தாமதித்து வெடிக்கும் ரவையும் உண்டு. இழுத்தால் சிலிண்டர் சுற்றி, அந்த ரவை குழலுக்கு நேரே இல்லாமல் வெடிக்கும். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். கை பிடியில்தான் இருக்க வேண்டும், சிலிண்டரைத் தொடக்கூடாது.

வெற்று ரவைகளைக் கழிக்கும்போது குழலை மேலே நிமிர்த்தி, தள்ளுகம்பியை உள்ளங்கையால் ஓங்கி அடிக்காமல் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓங்கி அடித்தால் கம்பி முனை உள்ளங்கையைக் கிழிக்கும். அடுத்தடுத்துச் சுட்டிருந்தால் சிலிண்டரும் குழலும் சுடும். எல்லாம் முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைத் தொடாதீர்கள், விரலில் ஈயம் இருக்கும்.

காயம் பட்டுவிட்டால்

முதலில் துவக்கைக் கீழே வையுங்கள், அல்லது பயிற்றுநர் கையில் கொடுங்கள். பதறிப்போய் துவக்கோடு திரும்புவதில்தான் இரண்டாவது ஆள் அடிபடுவார்.

வீக்கம் வருமுன் மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். வெறும் தீக்காயம் என்றால் ஓடும் நீரில் இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கோப்பித் தூளும் வேண்டாம். உள்ளே போன கறுப்புத் துகளை ஊசியால் நோண்டாதீர்கள்.

இடைவெளி வாயு பட்ட காயம் வெளியே சின்னதாகத்தான் தெரியும். அதைப் பார்த்து 'பரவாயில்லை' என்று மருந்து கட்டி வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. துகள் ஆழத்தில் தங்கிப் புரையோடும். விரலின் இரண்டு ஓரத்திலும் நரம்பு ஓடுகிறது. நுனியின் ஒரு பக்கம் மரத்துப் போயிருந்தால் அந்த நரம்பு அறுபட்டிருக்கலாம். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை என்றால் தசைநார் போயிருக்கலாம். இந்த இரண்டில் எது இருந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் நுவரெலியா, பதுளை, கண்டி பெரியாஸ்பத்திரிகளில் அருகில் உள்ளதற்கு அன்றைக்கே போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்குள் வண்டி வர வழியில்லை என்றால் பெரிய ரோட்டில் எந்த இடத்தில் காத்திருக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

டொக்டரிடம் 'துவக்குக் காயம்' என்று மட்டும் சொன்னால் ரவை பட்டது என்று நினைப்பார். சிலிண்டர் இடைவெளியிலிருந்து வந்த வாயு பட்டது, உள்ளே ஈயமும் வெடிமருந்துத் துகளும் இருக்கலாம் என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.