பளம் பழமாக ஒரு கொட்டாங்குச்சி போதும்

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. வாழைப்பழத்தை "வாளப்பளம்" என்பாள். "நாக்கை மடிச்சுச் சொல்லுடி" என்று என் அம்மா அதட்டுவார். அவளும் சமர்த்தாக நாக்கை மடித்து, இன்னும் அழுத்தமாக "பளம்" என்பாள்.

தப்பு அவள் மேல் இல்லை. ள சொல்லவும் நாக்கு மடியத்தான் வேண்டும். ள-வில் மடிந்த நுனி மேலண்ணத்தில், அதாவது வாயின் மேல்கூரையில், போய் ஒட்டும், காற்று நாக்கின் இரு ஓரமாக வெளியேறும். ழ-வில் நுனி ஒட்டாமல் நிற்கும், காற்று நடுவில் போகும். அவளுக்குச் சொல்லவேண்டியது "மடி" அல்ல, "தொடாதே". தொல்காப்பியமும் ழகரத்துக்கு நுனிநாக்கு அண்ணத்தை வருடும் என்றுதான் சொல்கிறது, ஒற்றும், அதாவது அழுத்தி ஒட்டும், என்று சொல்லவில்லை.

இதெல்லாம் வாய்க்குள்ளே, கண்ணாடியில்கூடத் தெரியாத இடத்தில் நடக்கிறது. அதனால் வாயையே வெளியே எடுத்து வைத்துக் காட்டிவிடலாம்.

தேவையானவை: பாதி கொட்டாங்குச்சி, பூசணி விதைகள், பசை, வெள்ளை, பச்சை பெயின்ட், சிவப்புத் துணித் துண்டு, கைபேசி டார்ச், கொஞ்சம் கோகோ பொடி, பழைய கல்யாணப் பத்திரிகைகள்.

படி 1: காது

நேராக நாக்குக்குப் போய்விடாதீர்கள். வித்தியாசம் காதில் விழாத குழந்தைக்கு அதைச் சொல்லவும் வராது. பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஜோடி ஜோடியாகப் படம் வரையுங்கள்: புலி, புளி, வால், வாள், மலை, மழை, குளிக்கும் பையன், தரையில் ஒரு குழி. நீங்கள் சொல்ல, குழந்தை சரியான அட்டையைத் தட்ட வேண்டும். மலையும் மழையும் சுலபம். குளி, குழி ஜோடிதான் உண்மையான பரீட்சை. பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள். எங்களுக்கு நாலு நாள் ஆனது.

படி 2: கொட்டாங்குச்சி வாய்

சிரட்டையின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து கவிழ்த்துப் பிடியுங்கள். அதுதான் மேலண்ணம். முன்விளிம்பில் பூசணி விதைகளை வரிசையாக ஒட்டினால் மேல்பற்கள் தயார். பற்களுக்குச் சற்றுப் பின்னால், உட்புறத்தில் வெள்ளைப் பொட்டு ஒன்று. அது ல. இன்னும் உள்ளே, குழிவு தொடங்கும் இடத்தில் பச்சைப் பொட்டு. அது ள. ழ-வுக்குப் பொட்டே கிடையாது.

இரண்டு விரல்களைச் சேர்த்துச் சிவப்புத் துணியைச் சுற்றினால் நாக்கு. வெள்ளையைத் தொட்டு "ல". நுனியைப் பின்னால் வளைத்து, நுனியின் அடிப்பக்கத்தால் பச்சையைத் தொட்டு "ள". அதே வளைவுடன், பச்சைக்கு ஒரு நூல் இடைவெளி விட்டு நிறுத்தி "ழ்ழ்ழ்". பிறகு பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் "பளம்" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள்; "ஐயோ, ஒட்டிருச்சு!" என்று அவர்கள் பிடிக்க வேண்டும். நம்மைத் திருத்துவதென்றால் எந்தப் பிள்ளைக்கும் அலுக்காது.

படி 3: கோகோ முத்திரை

எனக்கு மிகவும் பிடித்த படி. ஒலியியல் ஆய்வாளர்கள் கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவி, அது அண்ணத்தில் எங்கே பதிகிறது என்று பார்ப்பார்கள். நமக்குக் கரி வேண்டாம். கோகோ பொடியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கெட்டியாகக் குழையுங்கள். குழந்தையின் நாக்கு நுனியில், மேலும் கீழும், சுத்தமான விரலால் மெல்லத் தடவுங்கள். எச்சில் விழுங்காமல் ஒரே ஒரு முறை "ஆலா" சொல்லச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடியே தலையைச் சாய்க்கச் சொல்லி டார்ச் அடித்தால் பற்களுக்குப் பின்னால் கோகோ தெரியும். வாயைக் கொப்பளித்துவிட்டு "ஆளா" சொன்னால் முத்திரை உள்ளே தள்ளிப் பதியும். "ஆழா" சரியாக வந்தால் நடு அண்ணம் சுத்தமாக இருக்கும். அக்கா மகளுக்கு முதல் மூன்று "ஆழா"வும் கோகோவுடன்தான் வந்தன. நாலாவது முறை ஒன்றும் பதியவில்லை. அவள் துள்ளிய துள்ளலில் டார்ச் கீழே விழுந்தது.

படம் எடுக்கலாம். சளி, இருமல் இருக்கும் நாளில் இது வேண்டாம்.

படி 4: குளிர்காற்று

பல் துலக்கியதும் செய்தால் நல்லது. நாக்கை ல சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாயால் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நாக்கின் ஓரங்கள் சில்லென்று இருக்கும். ழ நிலையில் அந்தக் குளிர் நடுவில் வரும். நீங்களே முதலில் செய்து பாருங்கள்.

படி 5: சொற்கள்

"ஆஆஆ" என்று நீட்டிக்கொண்டே நுனியைப் பின்னால் வளைத்தால் தானாக "ஆழ்" வரும். அதிலிருந்து யாழ், கூழ், ஏழு, பழம். "தமிழ்" சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை. ஆனால் அதில் இகரம் நாக்கை முன்னால் தள்ளும், ழகரம் பின்னால் இழுக்கும். ஆரம்பத்திலேயே அது கஷ்டம், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் பளம்தான். அது குறை அல்ல, வட்டார வழக்கு. வாசிக்கும்போது ஒரு நாக்கு, வீட்டில் ஒரு நாக்கு என்று இரண்டும் இருக்கட்டும். ஆனால் நான்கு வயதாகியும் வெளியாட்களுக்குக் குழந்தையின் பேச்சு புரியவில்லை என்றால் கொட்டாங்குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் செவித்திறன் பரிசோதனை, அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர்.

ழ வந்த பிறகும் பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். வெள்ளைப் பொட்டில் நாக்கை வைத்து மூக்கால் ஒலித்தால் ன, பச்சையில் வைத்தால் ண. "பந்து", "சந்தை" என்னும்போது வரும் ந் ஒலிக்குத் துணி நாக்கு பூசணி விதையையே தொட வேண்டும். இடித்து இடித்து விதை உதிரும், ஒட்டிக்கொள்ளுங்கள்.