பட்டியலோடு சந்தைக்கு வருகிறவர்களுக்கு

சாப்பாடு கட்டிக்கொடுப்பது என் தொழில். அதனால் விடிந்தும் விடியாமலும் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் நிற்பது வழக்கம். 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது. கொஞ்ச காலமாக அங்கே புதுமுகங்கள் தெரிகின்றன. சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, துணிப்பையும் கையுமாக வருகிற இளம் குடும்பங்கள். வந்த வேகத்தில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த அதே கிறுக்குத்தனங்களைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

பசியோடு கடைக்குப் போகாதே, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மயங்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. நான் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன், கீழே தலைப்பு ஒவ்வொன்றும் ஒரு தவறு.

பாக்கெட்டின் முகத்தைப் படிப்பது

முன்பக்கம் முழுக்க விளம்பரம். திருப்பிப் பாருங்கள். எடை அதிகமான பொருள் முதலில் வரும்படிதான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது விதி. கேழ்வரகுக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா, அடுத்தது சர்க்கரை என்றிருந்தால் உங்கள் கையில் இருப்பது மைதா பிஸ்கட். படத்தாலோ பெயராலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். பொடி எழுத்தில் அதுவும் இருக்கும், தேடுங்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் பங்காளிகள். 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று எழுதியிருந்தால் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் போட்டிருக்கிறார்கள். சாற்றைச் சுண்டவைத்து மறுபடி தண்ணீர் கலந்து விற்பதற்கு '100 சதவீதம் பழச்சாறு' என்று போடாதீர்கள் என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது.

சிறுதானிய நூடுல்ஸ்

அதுவும் நூடுல்ஸ்தான்.

பட்டியல் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போவது

இது ஒன்றுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தருகிறது. மற்ற தவறுகளில் நூறு, இருநூறு ரூபாய் போகும். இந்தத் தவறு ஆளையே சந்தையிலிருந்து விரட்டிவிடுகிறது.

ஒரு மார்கழிக் காலை. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற பெண், செல்போனில் பட்டியல் வைத்துக்கொண்டு என்னோடு வந்தாள். முருங்கைக்காய், தக்காளி, குடைமிளகாய், பேபி கார்ன். மழையும் பனியும் சேர்ந்தால் முருங்கை காய்ப்பது குறைந்துவிடும். சில ஆண்டுகளில் அந்த மாதங்களில் கிலோ 300 ரூபாயைத் தாண்டுகிறது. அன்றும் இருந்ததெல்லாம் மெலிந்த நாலு காய். "நல்லதா இல்லையா?" என்று கேட்டதற்குக் கடைக்காரம்மா, "மார்கழியில முருங்கைக்கா கேட்டா நான் எங்கிட்டுத்தா போறது?" என்றார். அடுத்த கடையிலேயே அவரையும் பச்சை மொச்சையும் குவிந்து கிடந்தன. பக்கத்தில் பரங்கி, சர்க்கரைவள்ளி, கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பட்டியலில் அவை இல்லையே! அந்த நாலு காயையே வாங்கிக்கொண்டு, "சூப்பர் மார்க்கெட்டை விட இங்க விலை அதிகம்க்கா" என்றாள். அதற்கப்புறம் சந்தைப் பக்கம் அவளைப் பார்க்கவில்லை.

மொச்சை போட்டுக் குழம்பு வைத்திருந்தால் அன்றைக்குப் பாதிக் காசு மிச்சம். அதுகூடப் போகட்டும், மார்கழி மொச்சையின் ருசி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போனதே என்பதுதான் என் ஆத்திரம்.

என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டியதைப் போய் எடுத்துவருவது என்ற வரிசையை நமக்குப் பழக்கியது சூப்பர் மார்க்கெட். சித்திரையானாலும் ஐப்பசியானாலும் அங்கே அடுக்கில் இருப்பது ஒன்றுதான். அந்த அடுக்கில் இடம்பிடிக்க ஒரு காய்க்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தூரப் பயணம் தாங்க வேண்டும், குளிரில் நாலைந்து நாள் வாடாமல் கிடக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ருசி அந்தக் கணக்கில் கடைசியாகத்தான் வருகிறது. காலையில் பறித்த முருங்கைக்கீரை சாயங்காலம் இலை உதிர்க்கும். அகத்திக்கீரை, பச்சைச் சுண்டைக்காய், அத்திக்காயெல்லாம் பெரும்பாலும் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பல நகரங்களில் கடையில் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது வழவழவென்று மின்னுகிற அதே ஊதாக் கத்திரிக்காய்தான்.

மிஞ்சுவது தோல் தடித்த தக்காளி, குடைமிளகாய், காளான், உறைந்த பட்டாணி. வீட்டுச் சமையலும் அதற்கேற்பச் சுருங்குகிறது. தினமும் வெங்காயம், தக்காளி வதக்கிய ஒரு கிரேவி, அதில் ஏதாவது ஒன்று மிதக்கும். கசப்பும் துவர்ப்பும் வீட்டை விட்டே போய்விட்டன. பத்து வயதுவரை வாழைப்பூவைத் தொடாத பிள்ளை, முதல் வாயிலேயே "மருந்து மாதிரி இருக்கு" என்று துப்பத்தான் செய்யும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அந்த மாதம் என்னிடம் வந்த கேள்விகளைக் கேட்க வேண்டுமே! "தக்காளி இல்லாம ரசம் எப்படிக்கா?" புளி என்று ஒன்று இருக்கிறது. மாசி, பங்குனியில் புதுப் புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு வைத்தால் ஆண்டு முழுக்கக் காணும். எலுமிச்சை ரசம் இருக்கிறது, மோர்க்குழம்பு இருக்கிறது, புளிச்சக்கீரை இருக்கிறது. அந்த ஜூலையில் என் அடுப்படியில் தக்காளி தீர்ந்ததை வாடிக்கையாளர் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்த வாரம் எத்தனை வேளைக்கு, எத்தனை பேருக்கு என்ற கணக்கு மட்டும் போதும். ஒரு குழம்புக்காய், இரண்டு பொரியல், ஒரு கீரை என்று இடத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பெயரைச் சந்தை சொல்லும். முதல் சுற்றில் பையைத் திறக்காதீர்கள். எது நாலு கடையில் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் பருவத்துக் காய். விலைப் பலகையும் அதையேதான் சொல்லும். அரிசி, பருப்பு, பெருங்காயத்துக்குப் பட்டியல் போட்டு எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்குங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சந்தையே காலியாகக் கிடந்தால்? அதற்குத்தான் வற்றல்.

பதப்படுத்தியது எல்லாம் விஷம் என்று முடிவுகட்டுவது

மாவடு ஜாடியைத் தூக்கி எறிந்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். 'பிராசஸ்டு ஃபுட்' கூடாதாம். அதே வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மயோனைஸ் பாட்டில் பத்திரமாக நின்றது.

சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், கருவாடு, தயிர், புளித்த மாவு எல்லாமே பதப்படுத்தியவைதான். கோடை வெயிலை மழைக்காலத்துக்குச் சேர்த்துவைக்கிற வேலை அது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ 2009இல் உணவை எவ்வளவு தூரம் பதப்படுத்துகிறார்கள் என்பதைக் கொண்டு வகைபிரிக்கத் தொடங்கினார். அவர் எச்சரித்தது கடைசி வகையைப் பற்றி. ஆலையில் பிரித்தெடுத்த மாவுச்சத்து, எண்ணெய், மணமூட்டி, நிறமூட்டி எல்லாவற்றையும் கூட்டிச் செய்கிற தின்பண்டங்கள் அவை. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகை, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று பரிமாறியது. சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. அப்படியிருந்தும் ஆலை உணவு பரிமாறிய நாட்களில் ஆளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது.

வற்றலிலும் ஊறுகாயிலும் உப்பு உண்டு, மறுக்கவில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அளவாகத் தொட்டுக்கொள்ளுங்கள், ஜாடியை எறியாதீர்கள்.

தக்காளியை ஃபிரிட்ஜில் வைப்பது

12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் போன மணம் முழுசாகத் திரும்புவதில்லை. 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டியது இது. கூடையில் வையுங்கள், மூன்று நாளைக்கு மேல் வாங்காதீர்கள்.

'நாட்டுக் காய்' என்றதும் நம்புவது

எந்த ஊர், எப்போது பறித்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நகருங்கள்.

ஒரே நாளில் வீட்டையே மாற்றுவது

ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்து சிப்ஸ், சாஸ், பிஸ்கட் அத்தனையையும் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் பிள்ளை பக்கத்து வீட்டில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருக்கும், மாமனார் டீக்கடையில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருப்பார். நாக்கு மெதுவாகத்தான் இறங்கிவரும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் பழைய அளவே கரிப்பாகத் தெரியும். புது ருசி ஒரு பிள்ளைக்குப் பிடிபடப் பத்து முறைக்கு மேலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், திட்டாமல்.

சாயங்காலத் தின்பண்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆடியில் நாவல்பழம், தையில் இலந்தை, கிடைக்கும்போதெல்லாம் கொய்யா. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், கழுவி, திறந்த கிண்ணத்தில் வையுங்கள். வாழைப்பூவை முதலில் வடையாகவும் பருப்பு உசிலியாகவும் கொடுங்கள், பொரியல் அப்புறம். சனிக்கிழமை ராத்திரி நூடுல்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒருநாள் அவர்களாகவே விட்டாலும் விடுவார்கள். விடாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு வேளைதானே.