கரிசல் மண்ணுல நிக்கிற பழைய வீட்டுல சுவர் வெடிச்சா எங்க ஆரம்பிக்கணும், எந்த வரிசைல போகணும்

எங்க வீடு கோவில்பட்டி பக்கம். தாத்தா கட்டினது, கல் அஸ்திவாரம், மேல சுண்ணாம்புக் காரை போட்டு செங்கச் சுவரு. தென்மேற்கு மூலையில ஜன்னல் மேல்முனைல இருந்து படி படியா ஒரு வெடிப்பு ஏறிப் போச்சு, சித்திரைல விரல் நுனி உள்ள போற அளவுக்கு இருந்துச்சு, நாங்களும் கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் கலவைய நல்லா திணிச்சுப் பூசி பெயிண்டும் அடிச்சிட்டோம். கார்த்திகை மழைல மண்ணு ஊறி சுவரு பழைய இடத்துக்கு திரும்ப வரப் பாத்துச்சு, ஆனா வெடிப்பு இருந்த இடத்துல கல்லு மாதிரி சிமெண்ட் இறுகிக் கெடக்கு, சுவரு எப்படி மூடும்? ஒரு முழம் தள்ளி, நல்லா இருந்த செங்கல்ல புதுசா பிளந்துக்கிச்சு. அந்தச் செலவும் மனக்கஷ்டமும் இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாவுல நிறைய ஊருக்கு இது பொருந்தும், கரிசல் இருக்குற எந்த ஊருக்கும் பொருந்தும். கரிசல்ல மாண்ட்மோரிலோனைட்னு ஒரு வகைக் களிமண் இருக்கு, அது தண்ணியக் குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். கோடைல காட்டுல கையே உள்ள போற மாதிரி வாய் பிளந்து கெடக்கும் பாத்திருப்பீங்க, அதே மண்ணுதான் வீட்டுக்கு அடியிலயும் இருக்கு. வீட்டு நடுவுல மண்ணு வெயில் படாம ஓரளவு ஈரமாவே இருக்கும், ஓரம் மட்டும் கோடைல காஞ்சு இறங்கும், மழைல ஊறி எந்திரிக்கும். அதனாலதான் வெடிப்பு முக்கால்வாசி மூலைல வருது.

மொதல்ல மண்ணைப் பாருங்க

லேபுக்குப் போகாமலே ஒரு சோதனை வீட்டுல பண்ணலாம். மண் சோதனைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2720, பகுதி 40ல இருக்குற சோதனைதான், நம்ம கொஞ்சம் எளிமையா பண்றோம். சுவரு ஓரத்துல ரெண்டடி ஆழத்துல இருந்து கொஞ்சம் மண்ணு எடுத்து வெயில்ல நல்லா காய வச்சு, இடிச்சு, டீ வடிகட்டில சலிச்சுக்கோங்க. 100 மில்லி அளவு ஜாடி ரெண்டு வேணும், ஒவ்வொண்ணுலயும் 10 கிராம் மண்ணு. ஒண்ணுல மண்ணெண்ணெய் ஊத்துங்க, இன்னொண்ணுல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். காத்துக் குமிழி போற வரைக்கும் குச்சியால கிண்டி விட்டு, அடுப்புப் பக்கம் இல்லாம ஒரு நாள் முழுக்க அசைக்காம வைங்க. மண்ணெண்ணெய்ல களிமண் உப்பாது, தண்ணில உப்பும். மறுநாள் மண்ணு எந்தக் கோடு வரைக்கும் நிக்குதுன்னு பாருங்க, மண்ணெண்ணெய்ல 10 மில்லி, தண்ணில 16 மில்லின்னா 60 சதவீதம் உப்புதுன்னு அர்த்தம். 50ஐத் தாண்டினாலே கவனமா இருக்கணும், 100ஐத் தாண்டினா ரொம்ப உப்புற மண்ணு, கீழ சொல்றதுல ஒண்ணையும் விடாதீங்க.

வெடிப்பை ஒரு வருஷம் அளந்து எழுதுங்க

இதைச் சொன்னா எல்லாரும் முகம் சுளிக்கிறாங்க, ஒரு வருஷமான்னு. ஆனா ஒரு கோடை ஒரு மழை ரெண்டையும் பாக்காம வெடிப்பு என்ன ரகம்னு யாராலயும் சொல்ல முடியாது. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரு சின்ன ஸ்க்ரூ பதிச்சுக்கோங்க, ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பர் வச்சு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து நோட்டுல எழுதுங்க, காலிப்பர் இல்லன்னா ஸ்டீல் ஸ்கேல் போதும். வெடிப்பு முடியுற இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க, நீளுதான்னு அதுல தெரிஞ்சிரும். எங்க வீட்டுல அந்தச் சுவத்துல இப்பவும் ஒம்பது தேதி வரிசையா இருக்கு, வெள்ளை அடிக்கும்போது அதை மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்லிருக்கேன்.

மழைக்கு மூடி கோடைக்குத் திறந்தா அது மண்ணு மூச்சு விடுறது, அதை அடக்கலாம். மழை வெயில் பாக்காம ஒரே பக்கமா அகண்டுக்கிட்டே போச்சுன்னா அஸ்திவாரம் நிஜமாவே இறங்குது. மேல அகலமா கீழ ஒடுங்கி இருந்தா மூலை இறங்கிருக்கு, கீழ அகலமா இருந்தா சுவரு நடுவுல தொய்ஞ்சிருக்கு. அகலம் 5 மில்லிமீட்டருக்குள்ள இருக்குறதை நம்மளே சரி பண்ணலாம். 15 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குண்டு நூல் விட்டுப் பாத்தா சுவரு வெளிய சாஞ்சிருந்தாலோ, உத்திரம் சுவத்துல இருந்து நழுவி இருந்தாலோ ஒரு வருஷம் எல்லாம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க, அந்த ரூம்ல யாரும் படுக்கவும் வேண்டாம்.

கூடவே டியூப் லெவல் (மட்டம் பாக்குற தண்ணி நிரப்பின டியூப்) வச்சு பேஸ்மட்டம் சுத்தி பாத்துக்கோங்க. ஒரு மூலை எவ்வளவு இறங்கிருக்குன்னு ரெண்டு பேர் இருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிரும்.

தண்ணியைச் சரி பண்ணுங்க, சுவத்தை இன்னும் தொடாதீங்க

முக்காவாசி வேலை இதுதான், செலவும் கம்மி. மொட்டைமாடித் தண்ணி சுவரு ஓரத்துலயே விழுதான்னு பாருங்க, விழுந்தா பைப் போட்டு குறைஞ்சது அஞ்சாறு அடி தள்ளிக் கொண்டு போங்க. குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணியை சுவத்தை ஒட்டி இருக்குற வாழைக்கு விடுறது நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் உண்டு, அந்த ஒரு மூலை வருஷம் முழுக்க ஊறியும் மத்த மூலை காஞ்சும் கெடந்தா வீடு எப்படி நேரா நிக்கும்? வாழையைத் தள்ளி வைங்க. தரைத்தொட்டி இருந்தா ராத்திரி நிரப்பி, மோட்டாரைப் போடாம, தண்ணி மட்டத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு காலைல பாருங்க, இறங்கிருந்தா அங்கதான் கசிவு.

மரத்துல அவசரப்படாதீங்க. வேம்பு, புங்கை மாதிரி பெரிய மரம் கோடைல வேரால ஈரத்தை இழுக்கும், சுவத்தை ஒட்டி இருந்தா அந்தப் பக்கம் இறங்கும், உண்மைதான். ஆனா முப்பது வருஷ மரத்தை ஒரே நாள்ல வெட்டினா, அது குடிச்ச தண்ணி எல்லாம் மண்ணுலயே தங்கி, மண்ணு உப்பி சுவத்தை மேல தூக்கிரும். கிளையைக் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சு, ரெண்டு மூணு வருஷத்துல குறைங்க. புதுசா மரம் வச்சா அது எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி வைங்க.

வீட்டைச் சுத்தி தளம்

இதை தை, மாசில பண்ணுங்க. மழை முடிஞ்சு மண்ணு நிதானமான ஈரத்துல இருக்கும், அந்த ஈரத்தை அப்படியே பூட்டி வைக்கிறதுதான் இந்தத் தளத்தோட வேலை. காஞ்சு கெடக்கும்போது மூடினா அப்புறமா அடியில ஈரம் ஏறி தளத்தையே தூக்கும்.

சுவத்துல இருந்து நாலடி அகலத்துக்கு, ஒண்ணு ஒண்ணரை அடி ஆழத்துக்கு கரிசலை வெட்டி எடுங்க. ஒரு நேரத்துல பத்தடி நீளம் மட்டும் தோண்டணும், எந்தக் காரணத்துக்கும் அஸ்திவாரத்தோட அடிமட்டத்துக்குக் கீழ போகக்கூடாது. எடுத்த இடத்துல கிராவல் மண்ணை (சரளை கலந்த செம்மண்) போட்டு அரை அடிக்கு ஒரு தடவை லேசா தண்ணி தெளிச்சு திமிசு போடுங்க. மணல் போடுறேன்னு சிலபேர் சொல்லுவாங்க, கேக்காதீங்க. களிமண்ணுக்குள்ள மணல் நிரப்பினா அது தண்ணித் தொட்டி மாதிரி ஆயிரும், ஊத்துற மழை எல்லாம் அங்க தங்கி நேரா அஸ்திவாரத்துக்குப் போகும். கிராவல் மேல தடியான பாலித்தீன் ஷீட், அதுக்கு மேல மூணு நாலு இஞ்ச் கான்கிரீட், 1:3:6 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போதும். வெளிப்பக்கம் சாய்வு வேணும், நாலடிக்கு ஒண்ணரை இஞ்ச். சுவத்தோட தளத்தை ஒட்ட வைக்காம அரை இஞ்ச் இடைவெளி விட்டு அதுல தாரும் மணலும் கலந்து அடைங்க, ஏன்னா தளம் தனியா ஆடும் சுவரு தனியா ஆடும், ரெண்டையும் கட்டிப் போட்டா ஒண்ணு கட்டாயம் உடையும். அஞ்சடிக்கு ஒரு குறுக்கு வெட்டும் விடுங்க.

இப்பதான் சுவரு

தளம் போட்டு ஒரு மழை ஒரு கோடை தாண்டி வெடிப்பு அடங்கிருந்தா சுவத்துல கை வைங்க. பழைய சுண்ணாம்புச் சுவத்துக்கு சுண்ணாம்புதான் போடணும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், ஈரத்தை வெளிய விடும், சிமெண்ட் ரெண்டையும் செய்யாது, பழைய செங்கல்லை விட சிமெண்ட் கடினமா இருக்குறதால பக்கத்துல உள்ள செங்கல்லதான் உடைப்பு போகும்.

இரும்பு டிரம்ல தண்ணி வச்சு, சுட்ட சுண்ணாம்புக்கல்லை கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள போடுங்க, கல்லு மேல தண்ணிய ஊத்தாதீங்க. தளதளன்னு கொதிக்கும், கண்ணுல பட்டா பார்வையே போகும், கண்ணாடியும் கையுறையும் போடாம பக்கத்துல நிக்காதீங்க, பிள்ளைங்களைத் தூர அனுப்பிருங்க. ஆறினதும் சலிச்சு, மேல ஒரு இஞ்ச் தண்ணி நிக்கிற மாதிரி மூணு வாரம் ஊற விடுங்க. அப்புறம் எடுத்துத் தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும், கரண்டியைக் கவுத்தா சட்டுன்னு விழாது. அதுல ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு.

வெடிப்பு போற வழில இணைப்புல உள்ள பொரிஞ்ச காரையை ஒரு இஞ்ச் ஆழத்துக்கு உளியால சுரண்டுங்க, மெஷின் வேண்டாம், செங்கல் விளிம்பு போயிரும். பிரஷ்ல தூசி தட்டி, தண்ணி தெளிச்சு, ஈரம் இருக்கும்போதே கலவையை உள்ள அழுத்துங்க, ஆழமா இருந்தா ரெண்டு தடவையா. நாலு செங்கல் வரிசைக்கு ஒரு தடவை படுக்கை இணைப்புல ஒண்ணரை இஞ்ச் ஆழத்துக்கு காடி எடுத்து, 6 மில்லி ஸ்டெயின்லெஸ் கம்பியை வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடிக்கு மேல வர்ற மாதிரி வச்சு அதே கலவையால மூடுங்க, இதுதான் தையல். சாதா கம்பி வச்சா துரு ஏறி அதுவே சுவத்தைப் பிளக்கும். முடிச்சதும் ஈரச் சாக்கு தொங்க விட்டு பத்து நாள் காயாம பாத்துக்கோங்க, நம்ம ஊர் வெயில்ல இதை விட்டா சுண்ணாம்பு பொடியாத்தான் உதிரும்.

நம்ம கை வைக்கக் கூடாதது

அஸ்திவாரத்துக்கு அடியில தோண்டி கான்கிரீட் கொடுக்கிற வேலையை இன்ஜினியர் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. வர்றவர் மூணு நாலு அடித் துண்டா பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணா தோண்டுறாரா, மேல முட்டு கொடுக்குறாரான்னு பாருங்க. ஒரு பக்கச் சுவரு முழுக்க ஒரே மூச்சுல தோண்டலாம்னு யாராவது சொன்னா வேலையை அப்பவே நிறுத்துங்க.

பழைய வீட்டோட புது ரூம் சேக்குறதா இருந்தா ரெண்டு சுவத்தையும் பல்லு விட்டுக் கோக்காதீங்க, நடுவுல ஒரு இஞ்ச் விடுங்க. புது அஸ்திவாரத்துக்கு அண்டர்ரீம்டு பைல் கேட்டுப் பாருங்க, ரூர்க்கில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) கரிசல் மாதிரி மண்ணுக்குன்னே வளர்த்தெடுத்த முறை, மூணரை மீட்டர் ஆழத்துக்குப் போய் அடியில குடம் மாதிரி அகண்டிருக்கும், மேல மண்ணு ஆடினாலும் அது நிக்கும்.

எங்க வீட்டுல அந்தப் பழைய சிமெண்டை உளியால எடுக்கவே நாலு நாள் ஆச்சு. தளம் போட்டு ரெண்டாவது கோடை தாண்டிருச்சு, கத்திரி முடிஞ்ச அன்னைக்கு அளந்தேன், போன கார்த்திகைல இருந்த அளவுக்கும் இதுக்கும் அரை மில்லிகூட வித்தியாசம் இல்ல. வர்ற தைல தையல் போடுறதுக்கு சுண்ணாம்பு ஊற வைக்கணும்.