வேரியபிள் மெமரில இருக்கா, ரெஜிஸ்டர்ல இருக்கா: புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

செமிகோலன் விடறது, அர்ரே எல்லைய தாண்டறது இதெல்லாம் இங்க பேசப்போறதில்ல. சி மொழில மைக்ரோகன்ட்ரோலர் கோடு எழுத வர்ற பசங்க, நாங்கல்லாம் முன்னாடி விழுந்த அதே குழில வரிசையா வந்து விழறத பாத்துட்டுதான் இத எழுதறேன்.

ஸ்பீடுக்காக 'ரெஜிஸ்டர்'னு போடறது

வேணாம். ரெஜிஸ்டர்னா ப்ராசசருக்கு உள்ளயே இருக்கற சின்ன, வேகமான சேமிப்பு இடம். ஆப்டிமைசேஷன் ஆன்ல இருந்தா ஜிசிசி கம்பைலர் அந்த வார்த்தைய கண்டுக்காது, சி++17ல அதோட வேலையையே புடுங்கிட்டாங்க. எந்தெந்த வேரியபிள் ஒரே நேரத்துல தேவைப்படுதுன்னு பாத்து ரெஜிஸ்டர் பிரிச்சு குடுக்கற வேலைய, கிராஃப் கலரிங் (கோடு சேர்க்கற ரெண்டு புள்ளிக்கு ஒரே கலர் வராம கலர் அடிக்கறது) கணக்கா 1981லயே ஐபிஎம்ல சைட்டின் குழு காட்டிட்டாங்க. உங்கள விட கம்பைலருக்கு நல்லா தெரியும்.

இன்டரப்ட் தொடற வேரியபிளுக்கு வோலடைல் போடாம விடறது

இன்னிக்கும் எனக்கு கடுப்பேத்தறது இதுதான். இன்டரப்ட்னா நடக்கற வேலைய நிறுத்திட்டு சிப் நடுவுல ஓட்டற கோடு; வோலடைல்னா 'இந்த வேரியபிள ஒவ்வொரு தடவையும் மெமரிலேர்ந்தே படி'ன்னு கம்பைலருக்கு சொல்ற வார்த்தை. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர், ஏட்மெகா328 சிப் வெச்ச போர்டு, பட்டன அமுக்கினா இன்டரப்ட் வந்து ஃப்ளாக்க 1 ஆக்கணும், மெயின்ல அது 1 ஆகற வரைக்கும் சும்மா சுத்தற வைல் லூப். ஓ0ல (ஆப்டிமைசேஷன் இல்லாம) கம்பைல் பண்ணா ஓடுது, ஓ2ல (ஆப்டிமைசேஷனோட) பண்ணா பட்டன் தேஞ்சாலும் அசைய மாட்டேங்குது, லூப்புக்குள்ள ஒரு சீரியல் பிரிண்ட் போட்டா திரும்ப ஓடுது! "அண்ணா, ஜிசிசில பக் இருக்கு"ன்னு முடிவே கட்டிட்டாரு.

பக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த லூப்புக்குள்ள ஃப்ளாக்க மாத்தற வரியே கிடையாது, அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் எதுக்கு மெமரிக்கு போகணும்னு கம்பைலர் ஒரே தடவ ரெஜிஸ்டர்ல ஏத்திக்கும், அது 0ன்னா எப்பவும் 0தான்னு தன்மேலயே குதிக்கற ஒரு ஜம்ப போட்டு முடிச்சிடும். இன்டரப்ட் பாட்டுக்கு மெமரில 1 எழுதிட்டுதான் இருக்கு, படிக்கத்தான் ஆள் இல்ல. பிரிண்ட் போட்டா ஏன் ஓடுதுன்னா, வெளி ஃபைல்ல இருக்கற ஃபங்ஷன் அந்த குளோபல மாத்தியிருக்கலாமோன்னு சந்தேகப்பட்டு கம்பைலர் மறுபடி மெமரிலேர்ந்து படிக்கும், அவ்ளோதான்.

இதுல கோவம் வர்றது தப்பு மேல இல்ல, அதுக்கு பண்ற வைத்தியத்து மேல. வோலடைல்னு ஒரு வார்த்தை போடறத விட்டுட்டு ஓ0லயே வெச்சு கஸ்டமருக்கு அனுப்பின டீம் ஒண்ணு எனக்கு தெரியும், கோடு ஊதி 32 கேபி ஃப்ளாஷ் நிரம்பினதும் பெரிய சிப்பா வாங்கி சமாளிச்சாங்க. ஆப்ஜ்டம்ப்னு கம்பைல் ஆன கோட பிரிச்சு காட்டற டூல போட்டு, மெமரிலேர்ந்து படிக்கற லோடு இன்ஸ்ட்ரக்ஷன் லூப்புக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு பாத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

வோலடைல் போட்டாச்சு, இனி கவலை இல்லன்னு நினைக்கறது

ஏட்மெகா328 இருக்கற ஏவிஆர் குடும்பம் 8 பிட். 16 பிட் கவுன்டர படிக்க அதுக்கு ரெண்டு லோடு வேணும். 255ல இருக்கும்போது கீழ் பைட்ட படிச்சிட்டு, நடுவுல இன்டரப்ட் வந்து 256 ஆக்கி, அப்புறம் மேல் பைட்ட படிச்சா உங்க கைக்கு வர்றது 511. எப்பவாவது ஒரு தடவதான் நடக்கும், அதனாலயே டெஸ்ட்ல மாட்டாது. படிக்கற அந்த ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு மட்டும் இன்டரப்ட்ட நிறுத்தி வைங்க.

த்ரெட்டுக்கு நடுவுல வோலடைல்

சி மொழில அது வேணாம், அதுக்குன்னே சி11 ஸ்டாண்டர்ட்ல அட்டாமிக் இருக்கு. ஜாவா வோலடைல் வேற சமாச்சாரம், அத பாத்து இங்க குழப்பிக்காதீங்க.

டீபக்கர்ல வேரியபிள காணோம்னு ஓ0க்கு ஓடறது

ஓஜி போடுங்க, டீபக் பண்றதுக்குன்னே இருக்கற ஆப்டிமைசேஷன் லெவல் அது.

செட்ஜம்ப்புக்கு அப்புறம் மாத்தின லோக்கல் வேரியபிள நம்பறது

செட்ஜம்ப் ஒரு இடத்த குறிச்சு வைக்கும், லாங்ஜம்ப் அங்கயே திரும்ப குதிக்கும். அப்படி லாங்ஜம்ப் பண்ணி திரும்பி வந்ததும் அதுல என்ன இருக்கும்னு சி ஸ்டாண்டர்டே உத்தரவாதம் தரல. இங்கயும் வோலடைல்தான்.