மதியத்துக்கு மேல் அறுவடை மிஷின் இழுக்கவில்லையா? ஆயில் கூலரைப் பாருங்கள்

காலையில் நன்றாக ஓடுகிற பெல்ட் மிஷின் (டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி) மதியத்துக்கு மேல் சேற்றில் திணறினால், ஆயிலை அழுத்தித் தள்ளி வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த ஆயிலை ஆறவைக்கும் ஆயில் கூலரைப் பாருங்கள். சம்பா அறுவடையில் பறக்கும் சுணையும் தூசியும் கூலரை அடைத்துவிட்டால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் பம்புக்குள்ளேயே நழுவித் திரும்பும், அப்புறம் இழுவை எங்கிருந்து வரும்?

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கட்டரைத் தரையில் இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பல வண்டிகளில் முதலில் சல்லடை, அதற்குப் பின்னால் ஆயில் கூலர், பிறகு ரேடியேட்டர், கடைசியில் ஃபேன். வெளியிலிருந்து பார்த்தால் கூலர் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் கூளம் அடைந்து கிடப்பது கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். போல்ட்டைக் கழற்றி, ஹோஸ் இடம் கொடுக்கும் அளவுக்குக் கூலரை முன்னால் சாய்த்தாலே போதும்.

ஏர் அடிப்பது ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக. முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். கம்ப்ரசரின் முழு அழுத்தம் வேண்டாம், 40 பிஎஸ்ஐக்குள் வைத்து நேராகப் பிடியுங்கள். சாய்த்து அடித்தால் ஃபின் (கூலரின் மெல்லிய தகடுகள்) மடங்கிவிடும். பிசுக்கு ஏறியிருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தை அரித்துவிடும்.

பிசுக்கு இருந்தாலே எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஹைட்ராலிக் லைனில் ஊசித் துளை விழுந்திருந்தால்கூட அதில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் போனால் உடனே ஆஸ்பத்திரிதான். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

ஹோஸைக் கழற்ற வேண்டி வந்தால் இரண்டு ஸ்பேனர்: ஒன்று கூலரின் வாயைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் அலுமினிய வாய் விரிசல் விடும். பழைய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) திரும்பப் போடாதீர்கள். மாட்டி முடித்ததும் ஐட்லிங்கில் சிறிது நேரம் ஓடவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் புத்தகத்தில் சொன்ன அதே கிரேடு ஆயிலை ஊற்றுங்கள்.

பம்பே உடைந்து மாற்றிய வண்டி என்றால் கதை வேறு. இரும்புத் துகள்கள் கூலர் குழாய்களுக்குள் தங்கியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது, பிறகு புதுப் பம்பையும் அவை தின்றுவிடும். அங்கே கூலரையும் மாற்றிவிடுங்கள்.